பெய்லி யாருடைய பேர்?

மே 11, 1976, செவ்வாய்

இன்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

மத்தியானம் கொட்டகையில் மடி வீங்கிய ஓர் ஆட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். க்ளெம் வந்து ஒரு தாளை நீட்டினான். "அக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. பெய்லி வயல்ல தண்ணி வடிய வாய்க்கால் வெட்டற விஷயம்." கையெல்லாம் பாலும் சீழும். பாவாடையில் துடைத்துக்கொண்டு போட்டேன். அப்பா பண்ணையை எங்கள் இரண்டு பேர் மேலும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதனால் எதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். தம்பி நீட்டுவதும் நான் போடுவதும் இருபது வருஷ வழக்கம்.

தேநீர் குடிக்கும்போது அவன் பெண்டாட்டி நெஸ்டா கேட்டாள். "ஏன் அண்ணி, கரையெல்லாம் எடுத்துட்டா ஆடுங்க எங்க போய் ஒதுங்கும்?"

என்ன கரை என்றேன். அவள் அந்தத் தாளைப் படித்திருக்கிறாள். நான் படிக்கவில்லை. வாய்க்கால் அதில் ஒரு வரிதான். மற்றதெல்லாம் பெய்லி வயலில் இருக்கும் மண்கரைகளைத் தள்ளி, பள்ளத்தை மூடி, சமமாக்கி உருளைக்கிழங்கு போடுவது பற்றி. ஓரத்தில் நிற்கும் பெரிய மண்மேடு மட்டும் தப்பிக்கும், அதில் தொடக்கூடாது என்று அரசாங்கத்தின் இரும்புப் பலகை அடித்திருக்கிறது. மண்வேலை ஒப்பந்தக்காரன் ப்ரோபர்ட் ஆகஸ்ட் இரண்டாம் தேதி புல்டோசரோடு வருகிறானாம்.

ஐம்பத்தெட்டு வயசாகிறது எனக்கு.

மே 12

காலையில் பால்கூடத்தில் க்ளெமைப் பிடித்தேன். கையெழுத்தைத் திருப்பிக் கொடு என்றேன். ப்ரோபர்ட்டுக்குத் தபாலில் போட்டாயிற்றாம்.

"பொய் சொல்லி வாங்கினே."

"வாய்க்கால் இல்லைன்னு சொன்னேனா? இருக்குல்ல? நீ படிக்க வேண்டியதுதானே."

 அவன் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல்.

மே 16, ஞாயிறு

தேவாலயத்தில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. கரை நினைப்புதான்.

க்ளெம் கெட்டவன் இல்லை. ஆடு மேய்த்து அவன் கண்ட பலன் போன முழங்கால்தான். உருளைக்கிழங்கு என்றால் இயந்திரம் பார்த்துக்கொள்ளும், பனியில் தவழ வேண்டாம் என்று நினைக்கிறான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் நினைத்திருப்பேனோ என்னவோ.

ஆனால் நாற்பத்தேழாம் வருஷப் பனியை அவன் பார்க்கவில்லை, பட்டாளத்தில் இருந்தான். நான் பார்த்தேன். ஆறு வாரம். பக்கத்துப் பண்ணைகளில் ஆடுகளைக் கம்பால் குத்திக் குத்தித் தேடி, விறைத்த உடல்களாக எடுத்தார்கள். எங்கள் ஆடுகள் பெய்லி வயலின் கரைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தன. காற்று பனியைக் கரைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய் ஆடுகளையும் தாண்டி அப்பால் கொட்டிற்று. முப்பத்தொன்றில் முப்பத்தொன்றும் பிழைத்தன. நான் அந்தக் கரைக்குக் கடன்பட்டவள்.

அதை இடிக்க விடமாட்டேன். கையெழுத்துப் போட்டவள் நானாகவே இருக்கட்டும்.

ஜூன் 3, வியாழன்

மழை இல்லை. ஏப்ரலிலிருந்தே ஒழுங்காக இல்லை. வைக்கோல் புல் முழங்கால்கூட வரவில்லை.

க்ளெமிடம் மறுபடி பேசிப் பார்த்தேன். அவன் பதில்: "ஜோசையா போட்ட கரை. ஜோசையாவோட கொள்ளுப்பேரன் எடுக்கறேன். யாருக்கு என்ன நஷ்டம்? பெய்லி வயல் பெய்லிக்குத்தானே சொந்தம்."

ஜோசையா பெய்லி எங்கள் கொள்ளுத்தாத்தா. மூன்று மகன்களோடு மண்வெட்டி பிடித்து அந்தக் கரைகளை ஆட்டுப்பட்டியாகப் போட்டார் என்று அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். அதனால்தான் அதற்கு எங்கள் பேர். எங்கள் ஊர் எல்வர்லியில் நாங்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதே அந்த வயலால்தான். ப்ரீஸ் குடும்பத்துக்குச் சாராயக்கடை இருக்கிறது, பேர் வைத்த வயல் இல்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றிற்று. ஜோசையாவை வைத்தே இவனை மடக்கினால் என்ன? எந்த வருஷம், எத்தனை நாள், எவ்வளவு பாடு — எல்லாம் காகிதத்தில் இருக்கும். கொண்டுவந்து மேஜையில் போட்டு, "பாட்டன் முதுகு ஒடிஞ்சு போட்டதை நீ அரை நாளில் தள்ளப் போறியா?" என்று கேட்பேன். வெட்கப்படட்டும்.

புதன்கிழமை ஹெரஃபோர்ட் போகிறேன்.

ஜூன் 9, புதன்

சந்தை நாள். பஸ்ஸில் கோழிக்கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே போனேன். ஆவணக் காப்பகத்தில் என் காலணியைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அங்கே மிஸ் ஹாஸல்டைன் என்று ஒருத்தி. என் வயசிருக்கும், விரலெல்லாம் மை. பெய்லி வயல், எல்வர்லி என்றதும் போர்வை அளவுக்கு ஒரு வரைபடத்தை விரித்தாள். திருச்சபை வரிக்காக 1840-இல் வரைந்தது. ஒவ்வொரு வயலுக்கும் எண், பேர். எங்கள் வயலில் விரல் வைத்தாள். 'பெய்லி' என்று அழகாக எழுதியிருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க ஜோசையாதான்!" என்றேன்.

"அவர் எப்ப வந்தார்?"

குடும்ப வேதாகமத்தில் படித்ததைச் சொன்னேன். ராட்னர் பக்கத்திலிருந்து கூலி மேய்ப்பனாக, 1861-இல்—

சொல்லி முடிக்கும்போதே என் காதில் விழுந்துவிட்டது. அறுபத்தொன்று. வரைபடம் நாற்பது.

அவள் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. "ஆள் பேர் இல்லைங்க மிஸ் பெய்லி. கோட்டைன்னா கல்லுல கட்டினதுன்னு நெனைக்காதீங்க. நார்மன்காரங்க வந்த புதுசுல மண்ணைக் குவிச்சு மேடு போட்டு, அது உச்சில மரக்கோபுரம் வச்சாங்க. கீழ ஒரு முற்றம். அங்கதான் குதிரை, சமையல், ஆளுங்க எல்லாம். அதைச் சுத்திக் கரை, அகழி, மரவேலி. அந்த முற்றத்துக்குப் பேர்தான் பெய்லி. உங்க குடும்பம் வர்றதுக்கு எழுநூறு எண்ணூறு வருஷம் முன்னாடியே வச்சது."

"அப்ப எங்க பேர்?"

"தற்செயல்தான். பெய்லிங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க."

பிறகு இன்னொரு புத்தகத்தை எடுத்தாள். காப்பாற்ற வேண்டிய பழைய இடங்களின் பட்டியல், 1934. எல்வர்லிக்கு நேரே இரண்டே வரி. 'மண்மேடு. அருகிலுள்ள கரைகள் பெய்லி என்பவருடையவை. அண்மைக் காலத்தில் அவர் குடும்பத்தார் போட்ட ஆட்டுப்பட்டி.'

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. பதினாறு வயசு. தொப்பி போட்ட ஒரு அதிகாரி வேலியோரம் நின்று, "இது என்ன இடம்?" என்று கேட்டார். அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பெய்லியோடதுங்க" என்றார். அவர் எழுதிக்கொண்டு போனார். அதனால்தான் பலகை மேட்டுக்கு மட்டும். எங்கள் பெருமையே கரையைப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நான் கவனிக்காமல் நின்றுகொண்டே வந்திருக்கிறேன். ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்தது.

ஜூன் 10

சொல்லவில்லை.

ஜூன் 11

இன்றும் க்ளெமிடம் சொல்லவில்லை. எதற்குத் தயங்குகிறேன்? அவனுக்காகவா, எனக்காகவா? எனக்காகத்தான். இதுவரை நான் பெய்லி வயலின் டோர்காஸ் பெய்லி. இனி வெறும் டோர்காஸ்.

ஜூன் 13, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். நகலெடுத்து வந்த தாளையும் வைத்தேன்.

க்ளெம் கத்தியைக் கீழே வைத்தான். "அப்ப அப்பா பொய் சொன்னாரா?"

"பொய் இல்லைடா. அவர் ஒண்ணு சொன்னார், கேட்டவர் ஒண்ணு எழுதிக்கிட்டார்."

"ஒரே ஒரு நாள் பஸ்ஸுல போயிட்டு வந்து நம்ம பேரையே அழிச்சுட்டியே அக்கா. நல்லா இருக்கியா?"

இல்லை என்றேன். நல்லா இல்லை. ஆனா கரை இருக்கு, அது நம்ம பேரைவிடப் பெரிசு என்றேன்.

"நம்மளது இல்லைன்னா அதை வச்சுக்கிட்டு நான் ஏன் மாரடிக்கணும்? இன்னும் சுளுவா இடிச்சுட்டுப் போறேன்."

இதை நான் யோசிக்கவே இல்லை. ஜோசையாவைக் காட்டி வெட்கப்படுத்தப் போனவள், ஜோசையாவையும் எடுத்துவிட்டு வந்து நிற்கிறேன். நெஸ்டா எழுந்து இனிப்புக்குச் செய்த பழக்கூழை எடுத்து வந்தாள். யாரும் தொடவில்லை.

ஜூன் 15

அந்தப் பட்டியல் போடும் லண்டன் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம். அப்பா சொன்னதையும் அவர்கள் எழுதியதையும் விளக்கி, வரைபட நகலை வைத்து. 'விரைவில்' என்ற சொல்லுக்கு இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

ஜூன் 28, திங்கள்

வெயில் என்றால் இது வெயில். கம்பளி வெட்டும்போது, உதவிக்கு வந்த சாராயக்கடைக்காரன் ஐவர் ப்ரீஸ் மயக்கம் போட்டான். தெளிந்ததும் முதல் வேலையாக க்ளெமைச் சீண்டினான். "என்னப்பா, உன் பேர்லயே நீ குடக்கூலிக்கு இருக்கியாமே?" அதற்குள் ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. க்ளெம் வெட்டுக்கத்தியைப் போட்டுவிட்டு வெளியே போனான். எனக்குத்தான் வலித்தது. ப்ரீஸிடம், உன் ஆப்பிள் மதுவைக் குடித்தால் எவனுக்கும் பேர் மறந்துவிடும் என்றேன்.

ஜூலை 9, வெள்ளி

லண்டன் பதில். ஆய்வாளர் செப்டம்பரில் வருவார். அதுவரை நிலத்தைக் கலைக்க வேண்டாமென உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

க்ளெமிடம் வாசித்துக் காட்டினேன்.

"கேட்டுக்கறாங்களா? நானும்தான் மூணு மாசமா மழையைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"ப்ரோபர்ட் வர்ற அன்னைக்கு நான் வயலுக்கு நடுவுல நிப்பேன்."

"நில்லு. தொப்பி போட்டுக்க, வெயில் ஜாஸ்தி."

போட்டுக்கொள்கிறேன். நிற்கத்தான் போகிறேன்.

ஜூலை 12

கிணற்றில் வாளி சேற்றைத் தொடுகிறது. எங்கே பார்த்தாலும் பொறிவண்டு. ரொட்டியில், தலைமுடியில், பால் வடிகட்டியில்.

ஜூலை 17, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

ஓர் ஆட்டைக் காணோம். உயரத்திலிருந்து பார்க்கலாம் என்று மண்மேட்டில் ஏறினேன். ஏறி எத்தனை வருஷம் ஆயிற்று? புல் வழுக்கிற்று, முள்ளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். உச்சியில் மூச்சு வாங்கத் திரும்பிக் கீழே பார்த்தேன்.

ஊரே காய்ந்த ரொட்டி நிறத்தில் கிடக்கிறது. பெய்லி வயலும் அப்படித்தான். ஆனால் அதற்குள் ஒரு பச்சைக் கோடு. கொழுகொழுவென்று, நல்ல பச்சை. மேட்டின் ஒரு பக்கத்தில் தொடங்கி, கரையோரமாக வளைந்து, கரையே இல்லாத இடத்திலும் விடாமல் போய், சுற்றி வந்து மேட்டின் மறுபக்கத்தில் சேர்கிறது. குதிரை லாடம் மாதிரி. கிழக்கே ஓர் இடத்தில் மட்டும் பத்தடிக்கு விட்டுப்போயிருக்கிறது. வாசல்!

அகழி. தூர்ந்து மண் மூடிப்போன பள்ளத்தின் அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது. தரையிலிருந்து பார்த்தால் முன்னாலிருக்கும் கரை மறைக்கும். தவிர, புல்டோசருக்காக மே மாதமே க்ளெம் வயலுக்குள்ளிருந்த குறுக்கு வேலியைப் பிடுங்கி, வாசற்கதவைக் கயிற்றால் கட்டி மூடிவிட்டான். அதன்பிறகு ஆடும் போகவில்லை, நாங்களும் போகவில்லை.

அத்தனை வருஷம் அதன்மேல் நடந்திருக்கிறேன், முழு உருவத்தை இன்றுதான் பார்த்தேன். சும்மா நின்று அழுதேன். யாரும் இல்லை, அதனால் பரவாயில்லை.

ஆடு கல்லறைத் தோட்டத்தில் பூங்கொத்து தின்றுகொண்டிருந்தது.

ஜூலை 18

க்ளெமை மேட்டுக்கு வா என்றேன். "முழங்காலை எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டா?" என்றான். பச்சையாக இருக்கிறது என்றேன். உன் கண்ணுக்கு என்றான்.

ஜூலை 25, ஞாயிறு

கடைசி வைக்கோல் கட்டும் பிரித்தாயிற்று. க்ளெம் தாய் ஆடுகளாக எழுபது பொறுக்கி வைத்திருக்கிறான். புதன்கிழமை சந்தைக்கு லாரி வருகிறது. அவன் கைப்படத் தேர்ந்து தேர்ந்து இருபது வருஷம் வளர்த்த வம்சம். எல்லாரும் விற்கும்போது யார் வாங்குவார்கள்? கசாப்புக்குத்தான் போகும். கொட்டகை வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றின் காதையும் தடவிக்கொண்டிருந்தான். இவனா உருளைக்கிழங்குக்காரன்?

ஜூலை 27, செவ்வாய்

பொய் சொன்னேன். அவனும் ஒரு தடவை சொன்னான், சரியாய்ப் போயிற்று.

"மேட்டு உச்சில முள்ளுக்குள்ள ஒரு தாய் ஆடு மாட்டிக்கிட்டிருக்கு, என்னால தனியா இழுக்க முடியலை" என்றேன். முழங்காலாவது மண்ணாவது, கத்திரியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். பாதி ஏற்றத்தில் என் தோளைப் பிடித்தான். எனக்கும் மூச்சு இல்லை. இரண்டு கிழங்களும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"ஆடு எங்க?"

"கீழ பாரு."

திட்ட வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே இருந்தது.

 நான் கோட்டை, நார்மன், வரைபடம் என்று எதையும் இழுக்கவில்லை. அவன் கண் லாடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று, திரும்பி வந்தது. கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது.

"அகலம் எவ்வளவு இருக்கும்?"

"பன்னிரண்டு தப்படி. நடந்து பார்த்துட்டேன். நீளம் முந்நூறு."

"தட்டி வச்சுத் துண்டு துண்டா அடைச்சா..."

"மூணு வாரம் தாங்கும். முன்னால மேய்ஞ்சது அதுக்குள்ள துளிர்த்தா நாலு."

இறங்கும்போது உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினான். அடியில் எழுந்து தட்டிக்கொண்டு, "லாரிக்காரனுக்குச் சொல்லணும், வர வேண்டாம்னு" என்றான். பிறகு, "நீ ஒரு ஏமாத்துக்காரி" என்றான்.

ஜூலை 29

இரண்டு நாளாகத் தட்டி கட்டுகிறோம். நெஸ்டா முளைக்குச்சி அடிக்க, நான் பிடிக்க, அவன் முடிச்சுப் போட. எழுபதையும் முதல் துண்டில் அடைத்தாயிற்று. மெல்லும் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது.

ஆகஸ்ட் 2, திங்கள்

ஏழு மணிக்கே தொப்பியைப் போட்டுக்கொண்டு வயலுக்கு நடுவில் போய் நின்றேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே.

புல்டோசர் வந்தது. க்ளெம் வாசற்கதவில் சாய்ந்துகொண்டிருந்தான்.

"கதவைத் திற," என்றான் ப்ரோபர்ட்.

"ஆடு உள்ள இருக்கு."

"வெளிய விடேன்."

"வெளிய என்ன இருக்கு, ப்ரோபர்ட்? உன் புல்டோசரைத் திங்கவா?"

ப்ரோபர்ட் என்னைக் காட்டி, "அந்தம்மா எதுக்கு நிக்கறாங்க?" என்று கேட்டான். "அவங்க மே மாசத்துலேர்ந்தே நிக்கறாங்க," என்றான் க்ளெம்.

ஆப்பிள் மது கொடுத்து அனுப்பினான். ஆனால் ப்ரோபர்ட் கிளம்பும்போது க்ளெம் அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மழை வரட்டும், பார்க்கலாம்."

மழை வரட்டுமாம். ஊரே மழைக்கு ஜெபம் செய்கிறது. நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 15

முதல் துண்டு மறுபடி துளிர்த்துவிட்டது. இரண்டாம் சுற்று தொடங்கினோம். ஐவர் ப்ரீஸ் வந்து பார்த்துவிட்டுத் தன் பத்து ஆடுகளுக்கு இடம் கேட்டான். க்ளெம் யோசித்துவிட்டுச் சரி என்றான். "குடக்கூலி கிடையாது" என்று மட்டும் சொன்னான். ப்ரீஸ் தரையைப் பார்த்தான்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

மழை! பிரசங்கத்தின் நடுவில் கூரையில் விழுந்த சத்தத்துக்குப் போதகர் புத்தகத்தை மூடிவிட்டார். எல்லாரும் வெளியே ஓடி நனைந்தோம். நெஸ்டா என்னைப் பிடித்துச் சுழற்றினாள்.

க்ளெம் நனைந்தபடி வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நினைக்கிறான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 6

எல்லா இடமும் பச்சை. லாடத்தைத் தேடினாலும் தெரியவில்லை. ஆடுகள் வெளியே போயாயிற்று, தட்டிகளைப் பிரித்தாயிற்று. நாலு மாதம் நான் போட்ட சத்தத்துக்கு வயலில் ஒரு அடையாளம் இல்லை. க்ளெமின் கோட்டுப் பையில் ப்ரோபர்ட் திருப்பி அனுப்பிய ஒப்பந்த நகல் இன்னும் இருக்கிறது. துவைக்கும்போது நெஸ்டா எடுத்து, மறுபடி வைத்தாளாம்.

ஆய்வாளர் பதினாலாம் தேதி வருகிறார்.

செப்டம்பர் 14, செவ்வாய்

சின்ன வயசுக்காரர். நகரத்துக் காலணி, சேற்றில் புதைந்துவிட்டது. கரை ஓரமாக நடந்தார், அளந்தார், மேட்டில் ஏறி இறங்கினார். பச்சைக்கோட்டைப் பற்றிச் சொன்னேன். படம் எடுத்தீர்களா என்று கேட்டார். எங்களிடம் ஏது படப்பெட்டி? உதட்டைப் பிதுக்கினார். 

பிறகு வேலியோரம் நின்று நோட்டைத் திறந்தார். அதே இடம், நாற்பத்திரண்டு வருஷம் முன்னால் தொப்பிக்காரர் நின்ற அதே இடம். என்னைக் கேட்பார் என்று நான் வாயைத் திறந்தேன். அவர் க்ளெமைப் பார்த்துக் கேட்டார்.

"உள்ளூர்ல இந்த வயலுக்கு என்ன பேர் சொல்வீங்க?"

க்ளெம்  முழங்காலைத் தேய்த்தான். கரையைப் பார்த்தான், அப்பா நின்றிருந்த இடத்தைப் பார்த்தான். அவன் மனசு வைத்தால் அப்பா சொன்ன அதே சொல்லைச் சொல்லி, எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வயல், பேர், உருளைக்கிழங்கு எல்லாம்.

"பெய்லி," என்றான்.

"பெய்லியோடதா?"

"இல்லீங்க. யாரோடதும் இல்லை. வெறும் பெய்லி. கோட்டை முற்றம். கிழக்கால வாசல் இருந்துச்சு, பத்தடி. நானே பார்த்தேன், மேல ஏறி."

ஆய்வாளர் எழுதினார். நிறைய எழுதினார். கடைசியில், "உங்க பேர்?" என்றார்.

க்ளெமின் காது சிவந்தது. "அதுவும் பெய்லிதான். ஆனா ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. அப்படியே எழுதிக்குங்க."

ஆய்வாளர் சிரித்தார். க்ளெம் சிரிக்கவில்லை, அப்படியே எழுதுகிறாரா என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.